ராம்ப்பை உடைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவுக்கு வெளியே இருந்து கை கொடுத்தவர்களுக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி வீட்டு மாமி வாக்கரைத் தள்ளிக்கொண்டு தன் வாசலிலிருந்து முனை இளநீர் வண்டி வரை நடந்து வந்தார். பதினொரு மாதத்துக்கு அப்புறம் முதல் முறை. வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இளநீர்க்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மாமி விடாமல் ஐம்பது ரூபாயை வண்டிமேல் வைத்துவிட்டு, "நடந்து வந்து வாங்கினதுக்குக் காசு கொடுக்காட்டா கணக்கு சரியா வராது" என்றார்.

கார் ஏறுவதற்காக வீட்டு வாசல்களில் நடைபாதையை மறித்துக் கட்டிய சரிவுகளை, அதாவது ராம்ப்புகளை, தெருவே உடைத்ததால்தான் அவரால் அப்படி நடக்க முடிந்தது. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டால் நோட்டில் மூன்று பக்கம் ஓடிவிட்டது. பாதிப் பேர் "என் பேரைப் போடாதீங்க" என்கிறார்கள். சரி, யார் பெயரும் வேண்டாம். படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நாங்கள் இருப்பது சென்னை நங்கநல்லூரில். எனக்கு 76 வயது. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாங்கள் இங்கே மனை வாங்கியபோது இது ஆலந்தூர் நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், மாதம் தவறாமல் வரும் லாரி, அதன் வாசனை. 1990களின் கடைசியில் சாக்கடைத் திட்டம் என்று பேச்சு வந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் மக்களே கட்ட வேண்டும் என்றார்கள். குழாய் பதிக்கும் முன்பே பணமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஊர் கட்டியது. அப்படி மக்கள் பணம் சேர்த்துக் கட்டிய சாக்கடை என்று நாடு முழுக்க எங்கள் ஊரைப் பற்றிப் பேசினார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பது. ஆபீஸ் விட்டு வந்ததும் நோட்டும் பேனாவுமாகக் கதவைத் தட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. 2011-இல் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்த நோட்டு மட்டும் என் பீரோவில் இருந்தது. இந்த முறையும் அதிலிருந்துதான் ஆரம்பித்தோம்.

மாமி விழுந்தது தை மாதம், விளக்கு வைக்கும் நேரம். பூ வாங்க இறங்கியவர் ஒரு ராம்ப் முடியும் இடத்தில், ஒரு அடி உயரத்தை இரண்டு அங்குலம் என்று நினைத்துக் கால் வைத்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. முதலில் ஓடி வந்தவர் இஸ்திரி வண்டித் தம்பி. சூடான பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்ததில் யாருடைய சட்டையோ ஒன்று கருகிப்போனது. அந்தச் சட்டைக்கு உரியவரும் தெருவில்தான் இருக்கிறார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

மாமி விழுந்தது என் வீட்டு ராம்ப்பில். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

1998-இல் நாங்கள் முதல் கார் வாங்கினோம். அதற்கு முன்பே ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் மேடு கட்டினோம். கார் அந்த மேட்டில் ஏற வெளிப்பக்கம் சரிவு போட்டோம். அது மழைநீர் வடிகாலின் மூடியைத் தாண்டித் தெருவுக்குள் நாலடி நீண்டது. எங்கள் பக்கத்தில் வடிகால் மூடிதான் நடைபாதை, வேறு நடைபாதை கிடையாது. என் கணவர் கொத்தனாரிடம் "இன்னும் ஒரு அடி இழு, வண்டி அடி தட்டக் கூடாது" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்றேன். நடப்பவர்கள் எங்கே போவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அப்போது நடக்கவே இல்லையே, காரில் அல்லவா போனோம்! கார் 2017-இல் விற்றாயிற்று. அவரும் போய்விட்டார். ராம்ப் மட்டும் நின்றது.

எங்கள் தெருவில் 41 வீடு. அவற்றில் 26 வீட்டுக்கு இப்படி வெளியே நீண்ட ராம்ப். எண்ணியவர்கள் நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். இரண்டு பேருக்குக் கைத்தடி, ஒருவருக்குக் காது கேட்காது, எனக்கு முட்டி. நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் வருட நடைபாதை விதிமுறையை அச்செடுத்துக்கொண்டு வந்தார். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், தரையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் தெருவே முப்பதடி, ஆறடி நடைபாதைக்கு எங்கே போவது? நாலடி கிடைத்தாலும் போதும், ஆனால் தெருக்கோடி வரை ஏறி இறங்காமல் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். மேஸ்திரியிடம் டேப் கடன் வாங்கி, சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தோம். டேப்பின் ஒரு முனையைப் பிடித்த பத்தாம் வகுப்புப் பையனுக்கு நன்றி. குனிய வேண்டிய வேலை முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது.

அந்தக் காகிதத்தோடு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே நாங்கள் பட்டதை இங்கே எழுதப் போவதில்லை. மாடிப்படி ஏறி இறங்கியே மூன்று பேர் மாத்திரை போட வேண்டி வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். அங்கிருந்து வெளியே வரும்போது, "மனுவை அப்படியே கொடுக்காதீங்க, தகவல் உரிமைச் சட்டத்துல முதல்ல தெருவோட அகலம் எவ்வளவுன்னு கேளுங்க" என்று கிசுகிசுத்த கடைநிலை ஊழியரை மறக்க மாட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினோம். சட்டம் சொன்ன 30 நாளுக்குள் பதில் வந்தது. ராம்ப் எல்லாமே பொது இடத்தில் இருக்கிறது, ஒன்றுகூடச் சொந்த மனையில் இல்லை என்று அந்தப் பதிலிலிருந்து தெளிவானது.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. புகார் கொடுத்தால் இயந்திரம் வந்து ஒரே நாளில் உடைத்துப் போட்டுவிடும் என்று நாலு பேர். இருபது வருஷமாகப் பால், சாவி, சாம்பார் கை மாறிய தெருவில் எப்படிப் புகார் கொடுப்பது என்று மீதிப் பேர். காது கேட்காத சார் அதுவரை சும்மா இருந்தவர், "முதல்ல நம்ம வீட்டு ராம்ப்பை உடைப்போம்" என்றார். ஒன்பது பேரில் ஆறு பேர் வீட்டில் ராம்ப் இருந்தது. அந்த ஆறும்தான் முதலில் போனது, அதிலும் என் வீட்டுடையது முதலாவது.

அடுத்த நன்றி மேஸ்திரிக்கு. உடைப்பது பெரிய வேலை இல்லை. உடைத்தபின் இரண்டு சக்கர வண்டி எப்படி உள்ளே ஏறும், தண்ணீர் எப்படி உள்ளே வராமல் நிற்கும் என்பதுதான் தலைவலி. சரிவை கேட்டுக்கு உள்பக்கமாகத் தள்ளிவிட்டு, கேட்டை உருளும் கேட்டாக மாற்றி, இருந்த மேட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டார். கார் வைத்திருப்பவர்களுக்கு வேண்டும்போது போட்டு எடுக்கிற இரும்புத் தகடு. என் வீட்டுக்கு ஆன செலவு ரூ. 14,000. "பாட்டிங்க காசுல லாபம் பாக்க மாட்டேன்" என்று தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்டார். வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை.

மற்ற வீடுகள் மனம் மாறியதற்கு எங்கள் முட்டி வலி காரணமில்லை, மழைதான் காரணம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருவில் நின்ற தண்ணீரை யாரும் மறக்கவில்லை. வடிகாலில் தண்ணீர் இறங்கும் வாய்கள் எல்லாம் ராம்ப்புக்கு அடியில் சிமெண்டால் அடைபட்டிருந்தன. மூடியைத் திறந்து தூர் வாரவும் வழியில்லை. என் வீட்டு ராம்ப்பை உடைத்த அன்று கீழே இருந்து வந்த சேறும் பிளாஸ்டிக்கும் மூன்று மூட்டை. அதைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட மாடி வீட்டு மென்பொருள் தம்பதிக்கு நன்றி. எங்கள் மனு ஆறு மாதத்தில் செய்யாததை அந்தப் படம் ஒரு ராத்திரியில் செய்தது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஒருத்தி இடுப்பு உடைந்தது போதாமல், தண்ணீர் வேறு காரணமாக வேண்டியிருந்தது. போகட்டும், உடைத்தீர்களே!

பகுதி சபைக் கூட்டத்தில் எங்களை முதலில் பேசவிட்டு, உட்கார நாற்காலி எடுத்துப் போட்ட வார்டு உறுப்பினருக்கும், உடைந்த மூடிகளை மாற்றி, வடிகாலைத் தூர் வாரி, மட்டத்தைச் சமப்படுத்திக் கொடுத்த இளநிலைப் பொறியாளருக்கும் நன்றி. பொறியாளரம்மா கர்ப்பமாக இருந்தார். மட்டப் பலகை வைத்து அவர் குனிந்து பார்த்தபோது ஒன்பது கிழங்களும் சேர்ந்து பதறினோம். குழந்தை பிறந்த செய்தி வந்தது, நாங்கள் தைத்த தொட்டில் துணி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சிக்னல் விஷயம். அறுபது தாண்டியவர்களுக்குச் சென்னையில் மாதம் 10 இலவசப் பேருந்து டோக்கன் உண்டு. வாங்கி வைத்திருக்கிறோம். பேருந்து நிறுத்தம் மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். பச்சை மனிதன் 14 விநாடிதான் இருப்பான். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று நெடுஞ்சாலை சார் விளக்கினார். சாலை அகலம் 15 மீட்டர், ஆகவே பன்னிரண்டரை விநாடி, கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. பூங்காவில் 15 மீட்டருக்குக் கோடு போட்டு ஒவ்வொருவராக நடந்தோம். வேகமானவருக்கு 16 விநாடி, எனக்கு 21, கைத்தடிக்காரர் ஒருவருக்கு 24. பெயர், வயது, விநாடி என்று ஒரு பக்கத்தில் எழுதி, போக்குவரத்துக் காவல் உதவி ஆய்வாளரிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல், "எங்கம்மாவையும் நடக்க வெச்சுப் பாக்கறேன்" என்றார். பத்து நாளில் அது 25 விநாடி ஆனது. அவர் அம்மாவுக்கு எத்தனை விநாடி ஆனது என்று கேட்க விட்டுப்போயிற்று.

முனையில் இருக்கும் பெஞ்சு ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் நினைவாகக் கொடுத்தது. முதலில் போட்டது வழவழப்பான கிரானைட், முதுகுச் சாய்வு கிடையாது, தரையோடு தரையாக. உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும், மத்தியானமானால் தோசைக்கல். மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் முழித்தோம். சொன்னதும் அவர்களே பெயர்த்துவிட்டு, பதினெட்டு அங்குல உயரத்தில், பிடித்து எழக் கைப்பிடியோடு மரப்பலகை பெஞ்சு போட்டார்கள். கொடுத்ததை மாற்றிக் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும்.

இஸ்திரி வண்டியை நடைபாதையிலிருந்து அகற்ற வேண்டும் என்று எங்களிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் மாமியைத் தூக்கிய கையை எப்படித் தள்ளுவது? புங்க மரத்தடியில் கார் நிறுத்திக்கொண்டிருந்த 17-ஆம் எண் வீட்டுக்காரர் தானாக வந்து, காரை உள்ளே விட்டுக்கொள்கிறேன், வண்டி அங்கே நிற்கட்டும் என்றார். அந்த மரத்தடி நிழலை விட்டுக்கொடுப்பது சித்திரை மாதத்தில் என்ன பொருள் என்று கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என் மகன் ஒவ்வொரு ஞாயிறும் கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பு ஒன்றின் படங்களை அனுப்புவான். கைப்பிடி வைத்த குளியலறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, வாசலில் ஆம்புலன்ஸ். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என் சட்டைத்துணியைப் பார்த்தே "அம்மா, தையல் விட்டிருக்கு" என்று சொல்லும் இஸ்திரித் தம்பி இல்லை. இப்போது படம் அனுப்புவதைக் குறைத்திருக்கிறான். அவன் அனுப்பிய பணம்தான் இரண்டு வீட்டு ராம்ப் வேலைக்குப் போனது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இது இப்போதுதான் தெரியும்.

கடைசியாக, அந்த ஒரு இடம். 26-இல் 25 உடைந்தது. ஒன்று நிற்கிறது. அவருக்கு அவர் காரணங்கள், நாலு முறை போய்க் கேட்டாயிற்று, நாலு முறையும் காப்பி கிடைத்தது. மாமி அந்த இடத்தில் தெருவில் இறங்கியபோது அவர்தான் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, பின்னால் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அவருக்கும் நன்றி. ஐந்தாவது முறை வருவோம், காப்பியில் சர்க்கரை மட்டும் குறைவாக.

இப்படிக்கு,
ஒன்பது பேர் சார்பில்,
பழைய சாக்கடை நோட்டுக்காரி
நங்கநல்லூர்

பி.கு.: மேஸ்திரி, உங்கள் டேப் தொலையவில்லை. பின்தெருக்காரர்கள் அளக்க வாங்கிப் போயிருக்கிறார்கள். சாக்பீஸ் டப்பாவும் அவர்களிடம்தான்.