கோமுவுக்கு அம்மா எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமு,

போன் போட்டால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. மாப்பிள்ளை எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். அவரும் படிப்பார் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற விசேஷங்களெல்லாம் எழுத மனசு ஓடவில்லை. பொங்கலுக்கு மறுநாள் சாப்பாட்டில், ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலினைப் பற்றி வந்த பேச்சுதான் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இருபதாயிரம் புத்தகம் வைத்திருந்த மனுஷன் அறிவுஜீவி இல்லைன்னா வேற யாரு மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "அத்தனை பேரைக் கொன்றவன் என்ன அறிவுஜீவி" என்று அப்பா வெடுக்கென்று சொல்லிவிட்டு இலையை மடித்துவிட்டார். அந்தப் பேரையே வைத்திருக்கிற உன் ஸ்டாலின் சித்தப்பா பாவம், யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மோர் கேட்டார். நான் அன்று வாய் திறக்கவில்லை. பந்தியில் வைத்து எதையாவது சொன்னால் உனக்குத்தான் சங்கடமாகும் என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. அப்பா சொன்னது எனக்கு ஒப்பவில்லை. கொடுமைக்காரன் என்றால் படிப்பு வாசனை இல்லாத மூர்க்கனாகத்தான் இருப்பான் என்று நினைப்பதில் நமக்கு ஒரு நிம்மதி இருக்கிறது, அவ்வளவுதான். சரித்திரம் அப்படி இல்லை. ஸ்டாலின் ஜார்ஜியாவில் ஒரு செருப்புத் தைப்பவர் மகன். 1895இல், பதினாறு பதினேழு வயதில், அவர் எழுதிய கவிதைகளை 'இவேரியா' பத்திரிகை போட்டது. அதை நடத்தியவர் ஜார்ஜிய மொழியின் பெரிய எழுத்தாளர் இலியா சவ்சவாத்ஸே. திபிலீசியில் பாதிரியார் படிப்புப் படித்தபோது விக்டர் ஹ்யூகோ நாவலை ஒளித்து வைத்துப் படித்து மாட்டிக்கொண்டு, தனியறையில் அடைபட்டிருக்கிறார். ஆட்சிக்கு வந்த பிறகும் படிப்பை விடவில்லை. அவர் கைப்பட ஓரத்தில் எழுதியும் அடிக்கோடு போட்டும் வைத்த புத்தகங்கள் மட்டும் 400 போல இன்றும் இருக்கின்றன. அலங்காரத்துக்கு வாங்கி அடுக்குகிறவர் அப்படிக் கோடு போட மாட்டார். நம் வீட்டு அலமாரியில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களை அப்பா எப்படிக் கோடு போட்டுப் படித்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாதா?

ஆக, படித்தவர்தான். யோசிக்கத் தெரிந்தவர்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மாப்பிள்ளை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1925இல் ஸ்டாலின் தன் நூலகத்தை எப்படி அடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தத்துவம், உளவியல், சமூகவியல், பொருளாதாரம் என்று முப்பதுக்கு மேல் தலைப்புகள். சில ஆசிரியர்களின் புத்தகங்களை மட்டும் அந்தத் தலைப்புகளில் கலக்காமல் ஆள்வாரியாகத் தனியே வைக்கச் சொன்னார். லெனின், மார்க்ஸ், எங்கெல்ஸ், அப்புறம் அவரோடு கட்சியில் இருந்த ட்ராட்ஸ்கி, புகாரின், ஸினோவியேவ், காமனேவ், ராடெக். இப்போது வருஷங்களைப் பார். ஸினோவியேவும் காமனேவும் 1936 ஆகஸ்டில் சுடப்பட்டார்கள். புகாரின் 1938 மார்ச்சில். ராடெக் 1939இல் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார். ட்ராட்ஸ்கியை 1940இல் மெக்சிகோ வரை ஆள் அனுப்பிக் கொன்றார்கள். இவர்களுடைய புத்தகங்கள் மட்டும் அலமாரியில் கோடு போட்டபடியே இருந்தன. புகாரின் சிறையில் இருந்த கடைசி ஒரு வருஷத்தில் தத்துவமும் கவிதையும் தன் சின்ன வயதுக் கதையை நாவலாகவும் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படிகளை ஸ்டாலின் அழிக்கவில்லை, காப்பறையில் பூட்டி வைத்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் அவை வெளியே வந்தன. எழுதியவரை விட்டுவைக்கவில்லை, எழுதியதை மட்டும் பத்திரப்படுத்தினார்.

இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை கோமு. புத்தகத்தோடு வாதாடத் தெரிந்த ஒருவருக்கு எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்து "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொன்னால் பொறுக்கவில்லை. புத்தகம் திருப்பிப் பேசாது. ஓரத்தில் எவ்வளவு ஏளனமாக எழுதினாலும் அதன் முகம் வாடாது. வேண்டாம் என்றால் மூடி வைத்துவிடலாம்.

அவருக்கு நியாயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1950 ஜூனில் கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா'வில் மொழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மொழி என்பது ஒரு வர்க்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை, அது மொத்த ஜனங்களுக்கும் பொது என்று சொன்னார். நல்ல கருத்துதான். அதே கட்டுரையில், கருத்துகள் மோதாமல், விமர்சிக்கும் சுதந்திரம் இல்லாமல் எந்த விஞ்ஞானமும் வளராது என்றும் எழுதினார்! அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் தன் நாட்டில் மரபியலையே தடை செய்ய வைத்திருந்தார். மரபியலை எதிர்த்த லைசென்கோ 1948இல் விவசாய விஞ்ஞானக் கழகத்தில் பேசிய பேச்சை முன்கூட்டியே வாங்கி வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் ஸ்டாலின்தான். எல்லா விஞ்ஞானமும் வர்க்கம் சார்ந்தது என்று லைசென்கோ எழுதிய இடத்தில், ஓரத்தில் "ஹா ஹா ஹா" என்று எழுதி, "அப்படியானால் கணிதம்? டார்வினியம்?" என்று கேட்டிருக்கிறார். என்ன கூர்மை பார். ஒரு வாக்கியத்தின் ஓட்டையை அந்த நிமிஷமே பிடித்துவிட்டார். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. திருத்திய பேச்சு அரங்கேறியது, மரபியல் படித்தவர்கள் வேலையை இழந்தார்கள், ஆய்வுக்கூடங்களை மூடினார்கள். 1937, 38இல் சுடவோ சிறையில் போடவோ வேண்டியவர்கள் என்று அவர் முன்னால் வைக்கப்பட்ட 383 பெயர்ப் பட்டியல்களில் ஏறத்தாழ 44,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலான பட்டியல்களில் கலர்ப் பென்சிலில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஓரக்குறிப்பு எழுதிய கைதானே அதுவும்!

கம்போடியாவிலும் இதே கதைதான். அங்கே போல் போட் ஆட்சியில் துவோல் ஸ்லெங் என்று ஒரு இடம். பள்ளிக்கூடமாக இருந்ததைச் சிறையாக்கினார்கள். அதன் தலைவன் டூச் கணக்கு வாத்தியாராக இருந்தவன். சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களை அவன் ஒவ்வொன்றாகப் படித்து, அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறான். இத்தனை காலம் பரீட்சைத் தாள் திருத்திய எனக்கு அதைப் படித்த பிறகு சிவப்பு மை பேனாவைத் தொடவே கொஞ்ச நாள் கை கூசியது.

அதனால் யாராவது "அவர் எவ்வளவு படித்தவர் தெரியுமா" என்று சொன்னால் நான் தலையாட்டிவிட்டு ஒன்றுதான் பார்ப்பேன். அவர் பக்கத்தில் இருக்கிறவர்கள் வாய்விட்டுப் பேசுகிறார்களா? அவர் உள்ளே வந்ததும் பேச்சு நிற்கிறதா? ஒருவர் எத்தனை புத்தகம் படித்திருக்கிறார் என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படிப்பு அவரை என்ன செய்திருக்கிறது என்பதை அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அறிவுஜீவி என்ற மரியாதையை நான் இதை வைத்துத்தான் கொடுப்பேன், அலமாரியை வைத்துக் கொடுக்க மாட்டேன். இதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் அபிப்பிராய பேதம். அவர் கோபப்படாமல் பதில் எழுதினால் சந்தோஷமாகப் படிப்பேன்.

அன்று நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "ஆனா வவிலோவை..." என்று ஆரம்பித்தாய். "நீ சும்மா இரு, தெரியாத விஷயத்துல பேசாத" என்று மாப்பிள்ளை சொன்னதும் அப்பளம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாய். அப்பளம் பந்தியில் நிறையவே இருந்தது. சொதியும் இஞ்சித் துவையலும் அப்படியே இலையில் கிடந்தன. உனக்குச் சொதி என்றால் உயிர். சின்னவள் உன் பின்னாலேயே எழுந்து வந்தாள். அந்தப் பிள்ளை இந்தத் தடவை வீடு முழுக்கச் சத்தமில்லாமல் விளையாடினாள். ஏன் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

வவிலோவைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்தப் பந்தியில் அவரைப் பற்றிப் பேச உன்னைவிடத் தகுதி யாருக்கு இருந்தது? தாவரவியல் படித்தவள் நீ. நீ கல்லூரியில் இருந்தபோது சொல்லித்தான் எனக்கு அவரைத் தெரியும். கண்டம் கண்டமாகப் போய் விதை சேகரித்த ரஷ்ய விஞ்ஞானி, எந்தப் பயிர் எந்த மண்ணில் பிறந்தது என்று கண்டுபிடிக்கப் பார்த்தவர், 1940 ஆகஸ்டில் உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே கைதானவர், 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் செத்தவர் என்று நீதான் சொன்னாய். உலகத்தின் பசியைத் தீர்க்க விதை சேர்த்தவர் சிறையில் சோறில்லாமல் நலிந்து போனார் என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லை. லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடைய விதை நிலையத்து ஆட்கள் மூட்டை மூட்டையாகத் தானியத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு, அதில் கை வைக்காமல் பட்டினியில் செத்தார்கள் என்றும் சொன்னாய். நெல் விதைகளைக் காத்த திமித்ரி இவானோவ் செத்தபோது ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் அந்த அறையிலேயே இருந்தன. அந்த இவானோவின் பேரை இந்தத் தெருவில் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

மாடியில் உன் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அப்படியேதான் இருக்கின்றன. கொட்டாரச் சம்பா, கருங்குறுவை, சேரன்மாதேவிக்காரர் கொடுத்த பெயர் தெரியாத சிவப்பு நெல், ஒவ்வொன்றிலும் நீ ஒட்டிய சீட்டு. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, எழுத்து தெரிகிறது. வேப்பிலை மாற்றிப் போட்டு வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அம்பை-16 மட்டும் வண்டு விழுந்துவிட்டது, அது எங்கேயும் கிடைக்கும், பரவாயில்லை. உன் வயதில் இந்தத் தெருவில் எந்தப் பெண் வயல் வயலாகப் போய் விதை கேட்டு வாங்கினாள்? அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்துக்கு நீ தனியாகப் பஸ்ஸில் போய் வந்ததை அப்பா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அப்படிப்பட்டவள் தாவரவியல் விஷயத்திலேயே "உனக்குத் தெரியாது" என்று சொன்னால் எழுந்து போவதா? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மகாராஜநகர் உழவர் சந்தையில் உன் கைடு மேடத்தைப் பார்த்தேன். ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகப் போகிறதாம். நீட்டிக்க ஒரு விண்ணப்பம் போதும், நானே முன்னின்று செய்து தருகிறேன் என்றார். விட்டுவிட்டாளா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். கோமு, ஆராய்ச்சியை விடாதே. குழந்தை, வீடு, சமையல் எல்லாம் இருக்கத்தான் செய்யும், நானும் அதற்கு நடுவில்தான் வேலை பார்த்தேன். விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தெலும்பு தெரிகிறது. ஆராய்ச்சியை மட்டும் விட்டுவிடாதே.

அன்று சொல்ல வந்ததை முழுசாக எழுதி அனுப்பு. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன். ஸ்டாலினைப் பற்றி அவர் மனதில் இருக்கிற கணக்கு வேறு, ஒரு காலத்தில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த வீட்டுப் பிள்ளை அவர். அவருக்கும் யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தபால் ஆபீஸில் உன் பெயரில் நான் போட்டு வந்த டெபாசிட் முதிர்ந்துவிட்டது. நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் நீயும் சின்னவளும் மட்டும் வாருங்கள், டிக்கெட் நாங்கள் போட்டு அனுப்புகிறோம். வந்தால் ஒரு மாதமாவது இருக்கிற மாதிரி வா. ஆதார் கார்டையும் உன் சர்ட்டிபிகேட் பையையும் மறக்காமல் எடுத்து வா, சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல். அந்தப் பணம் உன் பணம். அதை என்ன செய்வது என்று நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை, என்னையும்தான்.

அன்புடன்,
அம்மா