ஏற்காடு காட்சிக்கூடத்தின் சாவி தொடர்பாக மூன்றாவது மனு

அனுப்புநர்
ஏற்காடு சுற்றுலா வண்டி ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், பள்ளிச் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்கள்,
ஏற்காடு.

பெறுநர்
உயர்திரு பொறுப்பு அலுவலர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: மலைமேல் உள்ள காட்சிக்கூடம் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடப்பது – சாவியை மேலேயே வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வைகாசியில் நேரில் கொடுத்த மனு. 2. ஐப்பசியில் பதிவு அஞ்சலில் அனுப்பிய மனு. (இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏற்காட்டைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் வானம் தெளிந்திருக்கும் வரைதான். மூடுபனி இறங்கிவிட்டால் லேடிஸ் சீட்டில் நின்றாலும் சேலம் தெரியாது. மழை வலுத்தால் படகும் கிடையாது. குழந்தைகளோடு வந்தவர்கள் கூரைக்குக் கீழே நின்று எதையாவது பார்க்கலாம் என்றால் மலையில் இருக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்றுதான் கற்களும் பாடம் செய்த உயிரினங்களும் வைத்திருக்கும் இந்தக் காட்சிக்கூடம். எது என்று தாங்கள் அறிவீர்கள். பெயரெழுதி யாரையும் சங்கடப்படுத்த நாங்கள் விரும்பவில்லை.

1. வாசல் பலகையில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை என்று எழுதியிருக்கிறது. சாவி இருப்பது ஒரே ஒரு ஊழியரிடம். அவர் கீழிருந்து பஸ் ஏறி வர வேண்டும். கீழே வேறு வேலை கொடுத்துவிட்டால் அன்று கூடம் இல்லை. சனி, ஞாயிறு அவருக்கு விடுமுறை. மலைக்குக் கூட்டம் வருவதே சனி, ஞாயிறில்தான். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஆள், ஒரே சாவி என்ற ஏற்பாட்டின்மேல்தான் குறை.

2. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டுக் குழந்தைகளில் ஒன்றாவது பாதியில் வாந்தி எடுக்கும். வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, எலுமிச்சம்பழம் கொடுத்து மேலே வர 12 மணி ஆகிவிடும். கோடை விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைச் சுற்றுவழியான குப்பனூர் சாலையில் திருப்பிவிட்டால் பிற்பகல் 4 மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஆகக் கையில் இருப்பது நாலு மணி நேரம், அதில் மழை பாதி. இந்த நேரத்தில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோரிடம் நாங்கள் என்ன சொல்வது? "எப்போது திறப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கே தெரியாது. இந்த ஒன்றுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.

3. உள்ளே இருப்பது சாதாரணப் பொருள் அல்ல. சேர்வராயன் மலையே சார்னோக்கைட் பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல் இந்த இனம். அவர் பெயரைத்தான் பாறைக்கு வைத்தார்கள். பக்கத்திலேயே அலுமினியத் தாதுவான பாக்சைட், சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட். மேக்னசைட்டைச் சுண்ணாம்புக்கல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை காட்டலாம்: நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும், மேக்னசைட் சும்மா இருக்கும், பொடியாக்கிச் சூடேற்றினால்தான் நுரைக்கும். பெரியவர் ஒருவர் கையுறை போட்டுச் செய்து காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைகள் கூட வாய் பிளந்து பார்க்கும். அடுத்த பெட்டியில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள். இந்த மலையில் இவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பின்னாளில் குடியிருந்தது இதே ஏற்காட்டில். அவர் சேகரித்த கற்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஏற்காட்டுப் பிள்ளை எழும்பூர் வரை போய்ப் பார்க்கலாம், உள்ளூரில் இருப்பதைப் பார்க்க முடியாது என்றால் இது என்ன நியாயம் ஐயா?

4. பூட்டி வைத்தால் பொருளாவது பத்திரமாக இருக்கும் என்று தாங்கள் நினைக்கலாம். இல்லை. இதை விளக்கமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் போன இரண்டு மனுக்களில் சுருக்கமாக எழுதிப் பயனில்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கால ஏற்காட்டில் இது சுலபமாகத் தாண்டும். முதலில் காகித விவரச் சீட்டு சுருளும், பிறகு வண்ணத்துப்பூச்சிப் பெட்டியில் இறக்கைகளில் வெண்ணிறப் படலம் வரும். பூச்சிக்குக் கீழே பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால் அது அழுக்கு அல்ல, தோல்வண்டின் புழு தின்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை ஒருவர் குனிந்து பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். பூட்டிய அறையில் யார் குனிவது? செத்த பாம்புகளைத் திரவத்தில் ஊற வைத்திருக்கும் கண்ணாடிக் குடுவைகளில் மூடி தளர்ந்தால் திரவம் ஆவியாகி மட்டம் இறங்கும். மேலே தெரியும் பாகம் காய்ந்து கறுத்துவிடும், பிறகு ஊற்றி நிரப்பினாலும் பழைய நிலைக்கு வராது.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. வெயில் ஏறிய பிறகு 11 முதல் 3 மணி வரை சன்னலைத் திறக்க வேண்டும். மூடுபனி வந்ததும் உடனே சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே புகுந்துவிடும். பெட்டிகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். பூச்சிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டும். அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் எடுத்து, சமையலுக்கு எடுக்காத மின் ஓவன் அடுப்பில் 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்துத் திரும்பப் போடலாம். (சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், நீல நிறம் தரும் கோபால்ட் உப்பு நஞ்சு.) பழைய பாடம் செய்த பறவைகளைக் குழந்தைகள் தொடாதபடி கண்ணாடி போட வேண்டும். அந்தக் காலத்தில் ஆர்சனிக் சோப்பு தடவித்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். இவ்வளவுக்கும் தேவை ஒரே ஒரு ஆள் கதவைத் திறப்பது. சாவி!

5. கழிப்பறைக்கும் அதே சாவிக்கொத்துதான். மேற்கொண்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

6. ஆகவே பணிவுடன் கேட்பது: இன்னொரு சாவி செய்து மலைமேல் பொறுப்பான ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். அவர் பொறுப்பில் சனி, ஞாயிறு கூடம் திறந்திருக்க வேண்டும், அல்லது கீழிருந்து வரும் ஊழியரையே சனி, ஞாயிறு வரச் சொல்லி வேறு நாளில் விடுப்பு தரலாம். திறக்க முடியாத நாள் என்றால் முந்தின நாளே அடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு பலகை வைத்தால் போதும், குடும்பங்கள் வீணாக வராது. மின்சாரம் போனால் பூட்டிவிடாமல் இரண்டு எமர்ஜென்சி விளக்கு வாங்கி வைக்கலாம். விவரச் சீட்டுகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தையின் கண்மட்டமான மூன்றடி உயரத்தில் ஒட்ட வேண்டும். இப்போது ஆறடியில் இருக்கிறது, தூக்கிப் பிடித்துத்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. எழுதித் தர எங்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கூலி வேண்டாம்.

7. நிதி ஒதுக்கீடு வர வேண்டும், கருத்துரு அனுப்ப வேண்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள் ஐயா. ஒரு சாவி வெட்ட எந்தக் கருத்துருவும் வேண்டாம். சேலம் கடைவீதியில் கால் மணி நேரத்தில் வெட்டித் தருவார்கள், காசு நாங்களே கொடுக்கிறோம். வைகாசியில் கேட்டோம், ஐப்பசியில் கேட்டோம், இப்போதும் அதையேதான் கேட்கிறோம். தயவுசெய்து இன்னொரு சாவி.

இந்த மனுவின் நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் நேரில் கொடுப்போம். பதில் எழுத நேரமில்லாவிட்டால் வரும் சனிக்கிழமை 10 மணிக்குக் கதவு திறந்திருக்கட்டும், அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட அனைவரும்.

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், பூட்டிய கதவின் நிழற்படம்.