பணம் வீடு வரைக்கும், பொருள் சந்தி வரைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் ஒன்லைனில் பொருள் வாங்குகிற மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் அறவிடப்படும் டெலிவரி சார்ஜ் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் கூட என்று அழுவதற்காக மட்டும் எழுதவில்லை. வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவோம் என்று சொல்லி வாசல் வரைக்குமான காசை முழுதாக வாங்கிக்கொண்டு, பொருளைச் சந்தியிலோ டவுனிலோ வைத்துவிட்டுப் போகிறார்களே, அந்த மிச்சத் தூரத்துக்கு வாங்கிய காசு யாருக்குப் போகிறது? இதுதான் என் கேள்வி.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சந்தியில் சின்னதாகக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொப்பி பேனை, இவ்வளவுதான் வியாபாரம். இப்போது கடையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க மற்றவர்களின் பார்சல்கள். மலையில் மேலே இருக்கிற தோட்டப் பிரிவான மேல் டிவிசன் ஆட்கள் ஓடர் பண்ணினது. கூரியர் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, இத கொஞ்சம் வச்சிருங்க, அவங்க எறங்கி வந்து எடுத்துக்குவாங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பொருளுக்கான காசைக்கூட சில நேரம் நான்தான் கையிலிருந்து கொடுத்து வைக்கிறேன். இதற்கு நான் ஐந்து சதம் வாங்குவதில்லை, வாங்கவும் முடியாது, எல்லாம் தெரிந்த சனம். ஆனால் கூரியர் பில்லில் 'வீட்டு டெலிவரி' என்றுதான் இருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 1200 ரூபாவுக்கு ஒரு சப்பாத்து, டெலிவரி சார்ஜ் 450 ரூபா என்று வையுங்கள். மேல் டிவிசனிலிருந்து அந்தப் பாதையில் சந்திக்கு ஓட்டோ பிடித்துப் போய்த் திரும்பினால் டெலிவரி சார்ஜை விடக் கூடப் போய்விடும். நடந்தே வருவது என்றால் கொழுந்து நேரத்தில் வர முடியுமா? வேலைநேரம் முடிந்து வந்தால் இருட்டிவிடும், வேலைநேரத்தில் வந்தால் அன்றைக்குப் பேர் (முழு நாள் சம்பளம்) விழாது, அதிகம் போனால் அரைப்பேர். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அன்றைய அந்தக் கணக்கில் பார்த்தால் 450 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு. கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்து ஓடர் பண்ணுகிறவரும் அதே 450 ரூபாதான் கொடுக்கிறார், ஆனால் அவருக்குப் பொருள் கேட்டுக்குள் வருகிறது.

கூரியர் தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. நோர்வூட்டிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க ஒருவரே சுற்ற வேண்டியிருக்கிறது, அதுவும் மழையில், பெரிய பையை முதுகில் கட்டிக்கொண்டு. பார்சல் கணக்கில் காசு என்றுதான் என்னிடம் பேசுகிற தம்பிகள் சொல்கிறார்கள், பெற்றோலும் அவர்கள் பாடு. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஒரேயொரு பார்சலுக்காக மேல் டிவிசன் வரைக்கும் ஏறினால் கிடைக்கிற காசு பெற்றோலுக்கே போய்விடும். அவர் சந்தியில் வைக்காமல் வேறு என்ன செய்வார்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்து பாதைகள் மண்ணுக்குள் போனபோது, பார்சல் வரவில்லையே என்று இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயிரும் வீடும் போன நேரத்தில் யார் பார்சலைப் பற்றிப் பேசுவது? ஆகவே தாமதம், கஷ்டம் எல்லாம் எங்களுக்குப் புரியாததல்ல. போகாத தூரத்துக்கும் காசு வாங்குவதுதான் புரியவில்லை.

கம்பனிக்காரர் இதற்கு வைத்திருக்கும் பதில் எனக்குத் தெரியும்: "இலங்கை முழுக்க ஒரே கட்டணம், உங்களுக்கென்று கூடவா வாங்குகிறோம்?" ஒரே கட்டணம் என்பது நல்ல விஷயம்தான், அதை நான் எதிர்க்கவில்லை. தபாலில் அது பழைய வழக்கம். 1840இல் இங்கிலாந்தில் தூரத்தைப் பார்க்காமல் ஒரு பென்னிக்குக் கடிதம் கொண்டுபோகத் தொடங்கினார்கள். இங்கே முதல் முத்திரை வந்தது 1857இல், மலைநாட்டில் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம் அது. இன்றைக்கும் கொழும்பில் ஒட்டுகிற அதே முத்திரை பொகவந்தலாவைக்கும் போதும். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கு 15 ரூபாவாக இருந்ததை ஒரே தாவாக 50 ரூபா ஆக்கினார்கள், வயிறு எரிந்தது, ஆனாலும் எல்லோருக்கும் ஒரே 50. நட்டம் வந்தாலும் தபால்காரர் கடைசி ஊர் வரைக்கும் போயாக வேண்டும் என்ற கடமையோடு சேர்ந்து வந்த ஒரே கட்டணம் அது. கூரியர் கம்பனிகள் ஒரே கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையைத் தபால் திணைக்களத்தின் தலையிலேயே விட்டுவிட்டன.

தபால் மட்டும் எங்களை ஒழுங்காகக் கவனித்தது என்றும் சொல்ல மாட்டேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்கு மொத்தமாக வந்து, அங்கே கிடந்து, வேலைக்கான நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் கிடையாது. கூரியர் வந்ததும் அந்தப் பிரச்சினை ஒரு விதத்தில் தீர்ந்தது, ஏனென்றால் கூரியர்காரர் முகவரியைப் பார்ப்பதில்லை, போன் நம்பரைத்தான் பார்க்கிறார். ஆனால் மேல் டிவிசனில் சிக்னல் எங்கே இருக்கிறது? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிற அக்காவுக்கு ஒரு கோல் எடுப்பார்கள், அது போகாது, அடுத்த நிமிடம் 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ். வரும். அப்படி இரண்டு முறை ஆனால் பார்சல் திரும்பிப் போய்விடும். அப்புறம் பொருளை விற்ற ஒன்லைன் கடைக்காரர் அந்த நம்பரையே புளொக் பண்ணிவிடுவார், 'ஓடர் பண்ணிவிட்டு எடுக்காத ஆள்' என்று. கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, திரும்பி வருகிற பார்சலுக்குக் கூரியர்காரருக்கு அவர்தான் கட்ட வேண்டும். ஆனால் இங்கே யாரும் எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே, பக்கத்தில்கூட வராமல் 'வந்தோம்' என்று எழுதிவிட்டுப் போனால் என்ன செய்வது?

அடுத்தது நிறை. இது பலருக்குத் தெரியாது. பார்சலின் உண்மையான நிறையை மட்டும் பார்க்காமல் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்றிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, எது கூடவோ அதற்குக் காசு வாங்குகிற முறை ஒன்று கூரியர் தொழிலில் இருக்கிறது. விமானச் சரக்கிலிருந்து வந்த பழக்கம். 40, 30, 25 என்று ஒரு பெட்டி வந்தால் கணக்குப்படி 6 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோகூட இல்லாத தலையணையாக இருக்கலாம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிக்கிறார்கள், பார்சலிலோ உள்ளே இருக்கிற காற்றையும் சேர்த்து நிறுக்கிறார்கள், இரண்டு தராசிலும் நட்டம் எங்கள் பக்கமே. லொறியில் இடம் பிடிக்கிற பொருளுக்குக் காசு கேட்பது தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியைத் தெரிவு செய்வது கடைக்காரர். சின்னப் பொருளைப் பெரிய பெட்டியில் போட்டு, சும்மா கிடந்த பேப்பரை அடைத்து அனுப்பிவிட்டு, அதற்கான காசை வாங்குகிறவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

விலையை மறைக்கிற பழக்கமும் அப்படித்தான். பேஸ்புக்கில் பொருளின் படம் பளபளவென்று இருக்கும், விலை கேட்டால் 'இன்பொக்ஸ் வாங்க'. இன்பொக்ஸ் போனால் 990 ரூபா. பெயர், நம்பர், ஊர் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான் டெலிவரி சார்ஜ் வெளியே வரும். பெரிய ஒன்லைன் கடைகளிலும் கடைசிப் பக்கத்துக்குப் போனால்தான் மொத்தம் தெரிகிறது. ஒரே கடையில் மூன்று பொருள் எடுத்தாலும் மூன்றுக்கும் தனித்தனியாகச் சார்ஜ் விழுகிறது, வருகிறபோது ஒரே பையில் வருகிறது. 'டெலிவரி இலவசம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கீழே சின்ன எழுத்தில் கொழும்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் மட்டும். இல்லாவிட்டால் 5000 ரூபாவுக்கு மேல் வாங்க வேண்டும், அந்த 5000ஐத் தொடுவதற்காகத் தேவையில்லாத சாமானை வாங்குகிறவர்களை என் கடையிலேயே பார்க்கிறேன், சொன்னால் கேட்கவா போகிறார்கள்!

இந்தியாவில் 2020இல் இணைய வியாபாரத்துக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தார்கள். மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதற்குள் டெலிவரிக்கு எவ்வளவு, தபாலுக்கும் கையாளுவதற்கும் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நமக்கு 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு சொல்ல 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பொகவந்தலாவை டவுனில் விலைப் பட்டியல் தொங்கவிடாத சில்லறைக் கடைக்காரரை வந்து பிடிக்கிறார்கள், நல்லது, பிடிக்கட்டும். அதே கண்ணால் போன் திரைக்குள் இருக்கிற கடையையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?

பிழையான பொருள் வந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பக்கத்து அக்கா மகனுக்கு 5ஆம் நம்பர் சப்பாத்து ஓடர் பண்ணினார், வந்தது 8. போட்டோ எடுத்து நான்தான் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாற்றித் தருகிறோம், ஆனால் திருப்பி அனுப்புகிற செலவு உங்களுடையது, மறுபடி அனுப்பும்போது டெலிவரி சார்ஜும் மறுபடி கட்ட வேண்டும் என்றார்கள். பிழை விட்டது அவர்கள், ஒரு சப்பாத்துக்கு மூன்று தடவை கூரியர் காசு கட்ட வேண்டியது அக்கா. அந்தச் சப்பாத்து இப்போது அவருடைய தம்பி காலில் இருக்கிறது, கொஞ்சம் லூஸ். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம், அப்போது பொருளின் விலையோடு முதலில் கட்டிய சாதாரண டெலிவரிக் காசையும் கடைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. பிழை கடைக்காரருடையது என்றால் போகிற வருகிற செலவும் அவருடையது, இதையாவது எழுத்தில் போடட்டும்.

வாங்குகிறவர்கள் மட்டும் இதில் அடிபடவில்லை. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் சிலர் வீட்டில் தைத்து, சிலர் தேயிலைத்தூள் பைக்கற் பண்ணி, பேஸ்புக்கில் விற்கப் பார்க்கிறார்கள். அரைக் கிலோ தூளைக் கொழும்புக்கு அனுப்ப வாங்குகிற காசில் கிட்டத்தட்ட இன்னொரு அரைக் கிலோ தூள் வாங்கலாம், அதுவும் ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். யார் வாங்குவார்கள்?

மலையில் இருப்பவனுக்கு இந்தக் கதை உலகம் முழுக்க இருக்கிறது போலும். ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் இருப்பவர்கள் பார்சலுக்கு மேலதிகக் கட்டணம் கேட்கிறார்கள் என்று வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். அங்கிருந்து வந்த துரைமார்தான் இங்கே டன்சினன், ஹோலிரூட் என்றெல்லாம் தோட்டங்களுக்குப் பேர் வைத்தார்கள் என்பது வேறு கதை.

சரி, என்ன செய்யலாம்? என் புத்திக்கு எட்டியது, இரண்டு விலை வையுங்கள். வாசலுக்கு வந்தால் ஒரு விலை, சந்தியிலோ டவுனிலோ நாங்களே வந்து எடுத்தால் குறைந்த விலை. ஓடர் பண்ணும்போதே எது என்று கேளுங்கள். வாசல் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வருகிறீர்கள் என்றால் கொடுக்கிறோம், அந்தக் கூடுதல் மேலே ஏறுகிற தம்பியின் கைக்குப் போகட்டும்.

இன்னொன்று, உப தபாலகங்கள். நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, கூரியர் கம்பனிக்குக் கிளை இல்லாத இடத்தில்கூட உண்டு. பொருளைக் கொடுத்துக் காசு வாங்குவது தபாலுக்குப் புதிதல்ல, அந்தக் காலத்து வி.பி.பி. அதுதானே. இப்போதும் கேஷ் ஒன் டெலிவரி சேவை தபாலில் இருக்கிறது, ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் அது தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. 1894இல் கட்டிய நுவரெலியாத் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாடே பேசியது. அழகான கட்டிடம், பேச வேண்டியதுதான். ஆனால் தோட்டப் பக்கத்து உப தபாலகத்தில் ஒரு இறாக்கை அடித்து, பார்சல் வைத்து, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால், மலையிலிருந்து இறங்குகிற சனம் வீட்டுக்குப் போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகும். கூரியர் கம்பனிகளே தபாலோடு ஒப்பந்தம் போட்டுச் செய்யலாமே.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் தபால் திணைக்களத்திடமும் உங்கள் நிருபர் ஒருவர் இதைக் கேட்டு எழுதினால் நல்லது. நான் கேட்டால் ஒரு சந்திக் கடைக்காரன் கேட்கிறான் என்று விட்டுவிடுவார்கள், பத்திரிகை கேட்டால் பதிலாவது வரும். வந்தால் அதையும் பிரசுரியுங்கள், வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
பொகவந்தலாவை.