ஜவ்வாது மலைப் பயணமும் எங்க மணியும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு நம்ம சபைப் பயணம் உறுதி. போளூர் வழியாக மலையேறுகிறோம். ஜெபவீட்டுக்கு வெள்ளையடிக்கணும், பிள்ளைகளுக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தணும். தேவை 42,000 ரூபாய், கையில் 26,500. பழைய ஸ்வெட்டர் இருந்தாலும் கொடுங்க, ராத்திரி அங்கே நல்ல குளிர்.

பயணத்துக்கான ஞாயிறு முறுக்கு விற்பனைக்கு நான் வராததற்கு மன்னிக்கணும். எங்க நாய் மணியை பைக் இடித்து பின்னங்கால் முறிந்துவிட்டது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்து கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் ஓடக்கூடாதாம். கட்டைக் கடிக்காமலிருக்க கழுத்தில் கூம்பு. அதோடு கதவில் முட்டிவிட்டு என்னையே முறைக்கிறான்!

காணிக்கைக் கவரில் "மணிக்கு" என்று எழுதி 500 ரூபாய் வைத்தது யாருங்க? அன்புக்கு நன்றி. ஆனால் அவன் செலவு எங்க வீட்டோடது. தனியாகச் சொன்னால் திருப்பித் தருகிறேன், இல்லையென்றால் சனிக்கிழமை பயணக் கணக்கில் சேர்த்துவிடுவேன்.