பதிவுப் படிவத்தில் உன் பெயர் இல்லை, அக்கா

அக்கா,

நேற்றிரவு இந்த வருடத் தீவுப் பந்தயத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். இரண்டாவது ஆள் யார் என்று கேட்கும் கட்டத்தில் உன் பெயரை எழுதவில்லை. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவளின் பெயரை எழுதினேன். பணமும் கட்டியாகிவிட்டது. வேறு யாராவது உன் காதில் போடுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். நீயும் ஊரறியத்தானே சொன்னாய்? பாளையங்கோட்டைக் கல்யாணத்தில், பந்தியில், அவியல் வந்துகொண்டிருந்த நேரம். “உங்கள் பந்தயம் என்ன ஆயிற்று?” என்று பெரியப்பா கேட்டார். நீ இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “இவள் கையைத் தூக்கிவிட்டாள், இல்லையென்றால் முடித்திருப்போம்” என்றாய். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அப்பளத்தைத் தேவைக்கு மேல் நொறுக்கினேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பத்தி. நீ தாண்டிப் போய்விடு. ஸ்டாக்ஹோம் நகருக்குக் கிழக்கே கடலில் ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. 2002-இல் அவற்றில் ஒன்றான ஊட்டோவில், ஒரு விடுதியில் உட்கார்ந்து நான்கு பேர் பந்தயம் கட்டினார்கள். இருவர் இருவராகப் பிரிந்து, தீவுகளின் மேல் ஓடியும் இடையிலுள்ள கடலை நீந்தியும் சாண்ட்ஹாம்ன் வரை போக வேண்டும். வழியிலுள்ள உணவகங்களுக்குப் பிந்தி வரும் அணி, முந்திப் போனவர்கள் சொல்லிவைத்ததைக் குடித்து, அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த ராத்திரி வீம்புதான் 2006-இல் ‘ஓ டில் ஓ’ என்ற முறையான பந்தயமானது. பிறகு ஸ்விம்ரன் என்ற தனி விளையாட்டாகப் பல நாடுகளுக்கும் போனது. இருவர் ஓர் அணி. நீரில் ஒருவரை விட்டு ஒருவர் பத்து மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. ஷூவோடு நீந்துவார்கள், குளிர்நீருக்கான ரப்பர் உடையான வெட்சூட்டோடு ஓடுவார்கள். பலர் இடுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஓர் இழுவைக் கயிறும் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் விலகினால் அணியே விலகியதாகக் கணக்கு. நாங்கள் போனது அந்தப் பெரிய பந்தயம் அல்ல. அதே தீவுக் கூட்டத்தில் நடக்கும் சின்னப் பந்தயம். பெயர் வேண்டாம். நடத்தியவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி நீயும் நானும்.

பந்தய நாளின் காற்றையும் மழையையும் உனக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. நீரைப் பற்றி மட்டும் பேச வேண்டும். முந்தின வாரம் 17 டிகிரி இருந்த கடல் அன்று காலை 11 டிகிரிக்கு இறங்கியிருந்தது. தென்மேற்குக் காற்று நாள்கணக்கில் விடாமல் வீசினால் மேல்மட்டத்து இளஞ்சூட்டு நீர் கரையை விட்டு விலகிப் போகும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். திருச்செந்தூரில் மிதப்பதுபோல் இங்கே மிதக்க முடியாது, பால்டிக் கடலில் உப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று சொன்னதும் நீதான். காற்றைவிட நீர் உடம்புச் சூட்டை 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும் என்றதும் நீ. ஊட்டோவுக்குப் பயிற்சிக்குப் போன அன்று, பழைய சுரங்கப் பள்ளத்தின் ஓரத்தில் என்னை நிறுத்தி, 1817-இல் இந்தத் தீவின் கனிமத்திலிருந்துதான் லித்தியத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று வகுப்பு எடுத்தாய். எனக்குப் பசியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தவள் நீ. அந்தத் தண்ணீர் உன் உடம்பையும் மற்றவர்கள் உடம்பைப் போலத்தான் நடத்தும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

கோபத்தில் வரிசை மாறுகிறது. கயிற்றிலிருந்து சொல்கிறேன்.

நீரில் நீ முன்னால், நிலத்தில் நான் முன்னால் என்பது நம் ஏற்பாடு. நீ முன்னால் நீந்தும்போது என் இடுப்பில் ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். உன் கை ஒவ்வொரு முறை விழும்போதும் அது இறுகும், பிறகு கொஞ்சம் விடும், மறுபடி இறுகும். அலைக்குள் முகத்தைக் கவிழ்த்திருக்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீ முன்னால் இருக்கிறாய் என்பதற்கு அந்த இழுப்புதான் சாட்சி. நாம் கடைசியாக நீந்திய நீச்சலின் பாதியில் அது நின்றது. ஆரஞ்சுக் கயிறு வளைந்து மிதந்து வந்து என் முழங்கையைச் சுற்றியது. அடுத்த வீச்சில் என் பேடில், உள்ளங்கையில் மாட்டும் நீச்சல் தட்டு, உன் ஷூவின் அடிப்புறத்தில் இடித்தது. உன்னை நான் நீரில் எட்டிப் பிடித்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். நான் வேகமாகிவிட்டேன் என்று ஒரு நொடி மகிழ்ந்தும் போனேன், தெரியுமா?

கரையேறும் பாறை பாசி பிடித்து வழுக்கியது. நீ முழங்காலை ஊன்றி ஏறினாய், நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஏறியதும் கயிற்றின் கொக்கியைக் கழற்றப் போனாய். உன் கை அதன்மேல் படிந்தது, அழுத்தவில்லை. மறுபடியும் போனது. பேடிலைக் கழற்றாமலே முயல்கிறாய் என்பது உனக்குத் தெரியவில்லை. நான் பேடிலை உருவினேன். சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி, தனியாக விறைத்து நின்றது. “அடுத்த நீச்சல் எவ்வளவு?” என்று கேட்டேன். பாதை முழுவதையும் மனப்பாடம் செய்தவள் நீ. முந்தின இரவு ஒவ்வொரு தூரத்தையும் பேடிலின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைத்துவிட்டு, அதைப் பார்க்கும் தேவை எனக்குத்தான் வரும் என்று கேலி செய்தவள். “நானூறு” என்றாய். நானூறு காலையில் நாம் முதலாவதாக நீந்தி முடித்த தூரம். அதுவும் ஒழுங்காக வரவில்லை. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு அனுப்பியவள் பேசுவதுபோல் நாக்கு தடித்து வந்தது. முந்தின தீவில் பல் கிட்டும் அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தாய். இப்போது அந்த நடுக்கத்தைக் காணோம். மழையில் அசையாமல் நின்று, போகலாம் என்று தலையை ஆட்டினாய்.

அடுத்தது ஆயிரம் மீட்டர். மறைப்பில்லாத திறந்த நீர், எதிர்க்காற்று.

பந்தியில் நீ சொன்ன கை, பந்தயத்தை விட்டு விலகுகிறோம் என்று கரையில் நின்ற தன்னார்வலருக்குக் காட்ட, அப்போது உயர்ந்ததுதான்.

(அம்மா, யாராவது இதை உனக்கு வாசித்துக் காட்டினால்: அக்காவுக்கு அன்றே சரியாகிவிட்டது. மருத்துவர் கூடவே இருந்தார். இப்போது அவளுக்குப் போன் செய்யாதே. எனக்கும்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பதை எழுதிய பிறகு ஒன்று தோன்றுகிறது. பந்தியில் உனக்கு அடுத்த இலையில் அம்மா இருந்தாள். அதனால்தான் அப்படிச் சொன்னாயோ? தங்கை பயந்துவிட்டாள் என்றால் அது ஒரு வேடிக்கைக் கதை. அக்காவின் நாக்கு குழறியது என்றால் அம்மா அன்றிரவு தூங்கியிருக்க மாட்டாள். நம் இருவர் பாஸ்போர்ட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பாள். அப்படி நினைத்துச் சொல்லியிருந்தால், நல்லது செய்தாய். கல்யாணத்துக்குப் பிறகு, விமானத்தில் பக்கத்து இருக்கையில் அவ்வளவு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ இரண்டு படம் பார்த்தாய்.

நான் பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். உனக்காக மட்டும் இல்லை. அந்த ஆயிரம் மீட்டரை நீ இழுக்காமல் என்னால் கடக்க முடியாது என்று எனக்கும் தெரியும். எந்தப் பயம் கையைத் தூக்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீயும் முடியும் என்று காட்டிக்கொள்ளாதே. அன்று நிறைய அணிகள் முடித்தன. நம்மைவிட வயதான தம்பதி ஒன்று நம் கண்முன்னே அந்த நீரில் இறங்கிப் போனது. அவர்கள் முடித்தார்களா என்று முடிவுப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். முடித்திருந்தார்கள். நீயும் பார்த்திருப்பாய்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் எண் போட்ட மேல்சட்டையை உன் தலைவழியே நானே உருவி, அந்தத் தன்னார்வலர் கையில் கொடுத்தேன். மணிக்கட்டில் இருந்த, நேரம் பதியும் சிப்பையும் நானே அவிழ்த்தேன். நீ நின்றுகொண்டிருக்கும்போதே நீ இல்லாததுபோல் அவரிடம் பேசி முடித்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழையில் நனைந்த சட்டையைக் குழந்தைக்குக் கழற்றுவதுபோல் கழற்றியது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்றால் நான் கேட்டுக்கொள்வேன், பழக்கம் அப்படி. அதனால் கேட்கவில்லை. இது மன்னிப்பாக இல்லையென்றால் விட்டுவிடு, என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

படகில் உனக்கு நடுக்கம் திரும்பி வந்தது. அதைப் பார்த்து மருத்துவர் “நல்லது” என்றார். அந்த மனிதரை அங்கேயே கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது. நீரை விட்டு ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், கை கால்களைத் தேய்த்துவிடாதே என்று அவர்தான் சொன்னார். கம்பளிக்குள் உன்னைச் சுற்றி, சூடான புளூபெர்ரி சூப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். உன் உதடு ஊதா நிறமாக இருந்தது குளிராலா சூப்பாலா என்று தெரியவில்லை. கோப்பை காலியானதும் நீ பேசிய முதல் முழு வாக்கியம், “நாம் போயிருக்கலாம்.” ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக வந்தது. எனக்கு அழுகை வந்தது அதனால்தான். நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய்.

தாமிரபரணியின் குறுக்குத்துறையை நீ மறந்திருக்க மாட்டாய். என் இடுப்பில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படித்துறையில் நின்றாய். கால் எட்டவில்லை என்று நான் கத்தினால் அந்த நொடியே இழுத்துவிடுவாய். இன்னும் கொஞ்சம் நீந்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பா சொன்னார், நீ சொன்னதில்லை. ஐப்பசி வெள்ளத்தில் அவர் நம்மை ஆற்றுக்கு அழைத்தபோது, “கோவில் முங்கும் என்று உற்சவரையே மேலக்கோவிலுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள், முருகனே இறங்காத தண்ணீரில் நாங்கள் எதற்கு?” என்று கேட்டு அவர் வாயை அடைத்தாய். ஆற்றைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தை நான் வேறு யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறாய்? நீ செய்தால் அது புத்தி, நான் செய்தால் அது பயமா?

புது ஆளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஒருத்தி நிறுத்து என்றால் இருவரும் நிற்போம். ஏன் என்று கரையேறி, காய்ந்த துணி மாற்றி, ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் கேட்போம். அவள் உடனே சரி என்றாள். ஸ்வீடிஷ்காரர்களுக்கு விதி என்றால் பிடிக்கும். இதையே குளிர்காலத்தில் உன்னிடம் கேட்டபோது மூன்று விதிவிலக்குகள் சொன்னாய். மூன்றாவது நியாயமானது. அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் எல்லோரும் உன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

அவள் உன்னைப்போல் நீந்த மாட்டாள். ஆகவே நீரிலும் நான்தான் முன்னால். இழுக்கிறவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் தெரிந்த ஒரே ஆள் நீ. சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும். வகுப்பு வேண்டாம், இரண்டு வரி போதும்.

ஆகஸ்டு இரண்டாவது சனிக்கிழமை. காலைக் கப்பலில் வந்தால் நாங்கள் கடைசித் தீவுக்கு வருவதற்குள் நீ அங்கே இருக்கலாம். வருவதென்றால் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டு வா, கருப்பட்டி போட்டு. உன் பேடில்கள் என் பால்கனியில் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு போ. கயிறு என்னிடமே இருக்கட்டும், அதற்குக் காசு கொடுத்தது நான்.

சின்னவள்