இழப்பீடு யாருக்குக் கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்க அடிமை முறையின் ஒழிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, வில்பர்ஃபோர்ஸ் முதலான பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனிதாபிமானத்தை விரிவாகப் பேசியது. ஆனால் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குவழக்கை அது தொடவே இல்லை. அச்சட்டம் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு, அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அது முழுவதும் அடிமைகளின் உடைமையாளர்களுக்கே சென்றது. கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு பென்னிகூடத் தரப்படவில்லை. இதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015இல்தான் அடைக்கப்பட்டது என்பதால், பிரிட்டனில் குடியேறி வரி செலுத்திய கரீபிய வம்சாவளியினரும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். இதைவிடக் கசப்பான வேடிக்கை உண்டா?

விடுதலையும், சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்ட் 1 அன்று முழுமையாக வந்துவிடவில்லை. பெரும்பாலான காலனிகளில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நீங்கலாக மற்றவர்கள் தொழில் பழகுநர் என்ற பெயரில் பழைய எசமானர்களிடமே கூலியின்றி உழைக்க நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே 1838இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

லண்டனில் நிகழ்ந்த உரைகளால் மட்டுமே சட்டம் நிறைவேறியது என்பதும் ஏற்கத்தக்கதன்று. 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும், அதற்காக அவர் மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டதும் நாடாளுமன்றத்தை அசைத்த நிகழ்வுகள்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அச்சட்டம் விலக்களித்ததையும், அடிமைகள் வெளியேறிய மொரீஷியஸ் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டதையும் கட்டுரையாளர் தொடர்ந்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்