போனை எடுக்க ஓர் ஆளைப் போடுங்கள்

மாணவர் உதவிப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பல்கலைக்கழகத்தில் இணையவழி பி.காம் படிக்கிறேன். ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. என் புகார் விவரமெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது, நாலு தடவை எழுதியாயிற்று. நாலாவதையும் போன வாரம் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சிக்கல் ஓர் எழுத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியலாக மாற்றினோம். நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும். இணையவழிப் பட்டத்தில் சேர டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண் கட்டாயம் என்று யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2024-ல் கொண்டுவந்தது, அதற்கு நம் படிப்பு மதிப்பீட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அதை எடுக்க அரசின் சான்றிதழ்ச் செயலியான டிஜிலாக்கர், அதற்கு ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் ஓடிபி. சேரும்போதே இனிஷியல் விஷயத்தைச் சொன்னேன். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஃபீஸைக் கட்டுங்க’ என்றார் உங்கள் சேர்க்கைப் பிரிவுக்காரர். அப்புறம் என்பது ஹால் டிக்கெட் நேரத்தில் வந்தது. சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று நிறுத்திவிட்டீர்கள், ஒரு பருவத் தேர்வே போய்விட்டது.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்ட கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. எஸ்டேட்டின் மேல் கோடியில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். உங்கள் உதவி எண் காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான், எனக்கு வேலை நேரமும் அதுதான். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன். ஐப்பசி மழை, பனிமூட்டம் வேறு, போன் நனையாமல் இருக்க என் ஏழு வயது மகள் எட்டிக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம் பாட்டுதான் ஓடியது. கடைசியில் எடுத்தவர் இந்தியில் பேசினார், அப்புறம் ஆங்கிலத்தில் ‘உங்கள் சர்நேம் என்ன’ என்றார். எனக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. அவர்மேல் கோபம் இல்லை, இனிஷியல் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. ‘அம்மா, பேசிட்டியா?’ என்றாள் மகள்.

நான் கேட்பது ஒன்றுதான். தமிழ் தெரிந்த ஓர் ஆள், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் போனை எடுக்க வேண்டும்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பக்கத்திலிருந்து தினம் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அதுவும் நல்ல தமிழில், ராத்திரி எட்டு மணிக்குக்கூட. கட்டிய மறுநாளிலிருந்து ஒரு போன் கிடையாது. சேர்ப்பதற்குத் தமிழ் பேசும் ஆள் கிடைக்கிறார், சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறார்? ‘வீட்டிலிருந்தே பட்டம்’ என்று விளம்பரம் செய்கிறீர்கள். இந்த ஒரு எழுத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டருக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். மாணவர் குறைதீர் குழு எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று யூஜிசியின் 2023 விதி சொல்கிறது. உங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படி எழுதுவது என்று தளம் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. சரி, எல்லாவற்றையும் இங்கேயே கொட்டக் கூடாது, கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்தால் பெரிய உதவியாக இருக்கும். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், ஃபீஸ் வாங்குவதற்கும் முன்னால், புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, தேர்வுக்குக் கேமரா உள்ள கணினி வேண்டுமா, போனே போதுமா, வீடியோ பாடத்தைச் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, இவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் சேருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்தியிருப்பேன். எங்கள் எஸ்டேட்டில் இன்னும் இரண்டு பெண்கள் சேரலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. அதற்குள் தயவுசெய்து தமிழ் பேசும் ஒருவரை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். என் எண் உங்களிடம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அந்தப் பாறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் இணையவழி பி.காம் மாணவி,
ஏற்காடு